அடி ஆறு அடுக்கு

அந்தத் தொழிற்சாலையில் அவளைக் குமிழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. குமிழி எண்ணுவது அவள் உத்தியோகம் என்பதால் வந்த பட்டம். ஆரம்பத்தில் முறைத்துப் பார்த்தாள். முறைத்து முறைத்து ஓய்ந்துபோய், இப்போது போனை எடுத்தால் "குமிழியக்கா பேசறேன்" என்று அவளே ஆரம்பித்துவிடுகிறாள்.

அங்கே செய்வது செயற்கைப் பாதம். முழுக்கால் இல்லை, கணுக்காலுக்குக் கீழே தரையை மிதிக்கிற அந்த வளைந்த கறுப்புத் தகடு மட்டும். தகடு என்றாலும் அது இரும்போ பிளாஸ்டிக்கோ அல்ல, துணி. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள கார்பன் நார்களை வரிசையாகப் படுக்கவைத்து, ரெசின் என்கிற பசையில் ஊறவைத்து, பாய்போலச் சுருட்டி ரோலாக அனுப்புவார்கள். பசை தானாக இறுகிவிடக் கூடாதென்று ரோலை ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். தேவைப்படும்போது வெளியே எடுத்து, வெட்டி, முப்பத்தாறு அடுக்காக அச்சில் அடுக்கி, அழுத்தமும் சூடும் கொடுத்துச் சுட்டால் கல்லாகிவிடும். கல் என்றால் மிதித்தால் வளைந்து, காலை எடுத்தால் நிமிர்கிற கல்.

சுடுகிற இயந்திரத்துக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு அது அடுப்பு. லாரி டேங்கரை வெட்டி வைத்தது மாதிரி, வட்டக் கதவு போட்ட இரும்பு உருளை. பன்னிரண்டு வருஷமாக அந்த அடுப்பைப் பார்த்துக்கொள்கிற அடுப்புக்காரர்தான் குமிழியக்காவின் கணவர். அவர் ஒரு தொகுப்பாகச் சுட்டுக் கொடுக்கிற நாற்பதில் ஒன்றை எடுத்து அவள் நறுக்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உள்ளே எத்தனை குமிழி என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டால்தான் மற்றவை வாசலைத் தாண்டும். புருஷன் செய்வதைப் பெண்டாட்டி நறுக்கிப் பார்த்துக் குறை சொல்கிற ஏற்பாடு. "இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க. எங்க வீட்ல நான் இதை இலவசமாத்தான் பண்றேன்" என்று கத்திரிக்காரி அடிக்கடி சொல்வாள். கத்திரிக்காரி என்பது ரோலைப் பிரித்துத் துணி வெட்டுகிறவள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பாதம் உடைந்தது.

யார் காலிலும் மாட்டியிருந்தபோது உடையவில்லை, அந்தமட்டுக்கும் நல்லது. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு பாதத்தை மிதி இயந்திரத்தில் மாட்டிவிடுவார்கள். அது ராப்பகலாக மிதித்துக்கொண்டே இருக்கும். இருபது லட்சம் மிதி தாங்க வேண்டும். இது மூன்று லட்சத்துப் பதினோராயிரத்தில் படீரென்று அடிப்பக்கமாகப் பிளந்துவிட்டது. மீதி முப்பத்தொன்பதும், அவள் இன்னும் ஒன்றை நறுக்கிப் பார்க்காததால், பொட்டலம் கட்டாமல் அலமாரியில் படுத்திருந்தன.

மேனேஜரம்மா அவளைக் கூப்பிட்டு உடைந்த துண்டை மேஜையில் வைத்தாள். மேனேஜரம்மா கத்துகிற ரகம் இல்லை. கத்தினால் கூடப் பரவாயில்லை என்று தோன்ற வைக்கிற ரகம்.

"நாலு மணிக்குள்ள காரணம் வேணும். சாயங்காலம் அதே ரோலை மறுபடி வெளிய எடுக்கறோம். நாளைக்குக் காலைல அடுத்த நாப்பது அடுக்கணும். லிஸ்ட் பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தாள். லிஸ்டில் பெயர் இருக்காது. இடதா வலதா, என்ன அளவு, ஆள் எடை எவ்வளவு, அவ்வளவுதான். நாளைய லிஸ்டின் ஒன்பதாவது வரியில் 'இடது, எடை முப்பத்தொன்று' என்று இருந்தது. முப்பத்தோரு கிலோ என்றால் பெரிய ஆளாக இருக்க முடியாது.

"அடுப்புலதான் ஏதோ நடந்திருக்குன்னு பேசிக்கறாங்க" என்றாள் மேனேஜரம்மா. "உங்க வீட்டுக்காரர்ங்கறதால கேக்கறேன். நீங்களே பாக்கறீங்களா, இல்ல வெளிய அனுப்பவா?"

"நானே பாக்கறேன் மேடம்" என்றாள். சொல்லிவிட்டு உடைந்த துண்டை எடுத்துக்கொண்டாள். அடுப்பின் சூட்டைத் தானாகக் குறித்துவைக்கிற பெட்டி போன வாரமே பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது. இந்தத் தொகுப்பு முழுவதும் அவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் கையால் எழுதியதுதான் சாட்சி. மனுஷன் கையால் எழுதியதை நம்பாதவர்களுக்கு மனுஷனைத் திட்டுவது சுலபம்.

அவள் அறை சின்னது. ஒரு வெட்டு இயந்திரம், ஒரு சுழலும் தட்டு, ஒரு மைக்ராஸ்கோப், கை கழுவும் தொட்டி. உடைந்த பாதத்தின் குதிகால் பக்கத்திலிருந்து விரல்நகம் அளவு துண்டு ஒன்றை அறுத்து, கண்ணாடி மாதிரியான பசையில் வட்டமாகப் பதித்து, சுழலும் தட்டில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். முதலில் சொரசொரப்புக் காகிதம், அப்புறம் அதைவிட நைசானது, கடைசியில் வெல்வெட் துணியில் வெள்ளைக் குழம்பு. இந்த வேலையில் அவசரம் ஆகாது. அழுத்தித் தேய்த்தால் நல்ல நாரும் பிய்ந்து வந்து குழியாகிவிடும், இல்லாத குமிழியைக் கணக்கில் எழுத வேண்டி வரும். கழுவாமல் விட்டாலோ தேய்த்த தூள் குழிக்குள் போய் அடைத்துக்கொண்டு, இருக்கிற குமிழியை மறைத்துவிடும். பூசி மெழுகுவது என்று சொல்கிறார்களே, அது அந்த அறையில் நிஜமாகவே நடக்கக்கூடிய காரியம்.

அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது. கொண்டுவந்தது கத்திரிக்காரிதான். வேறு யார்?

"அக்கா, மாமா ஒத்துக்கிட்டாராம். அன்னிக்கு சீக்கிரம் முடிக்கணும்னு சூட்டை வேகமா ஏத்திட்டேன்னு மேடம்கிட்ட எழுதியே குடுத்துட்டாராம். நோட்டுல இருந்த பக்கம் தப்பு, இதுதான் நெஜம்னு வேற பக்கம் எழுதிக் குடுத்திருக்காரு."

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் கையை எடுக்க மறந்துவிட்டாள்.

"யாரு, இவரா?"

"இவருதான். எனக்கே நம்ப முடியல. கல்யாண வீட்டுப் பந்திக்கே கடைசியா உக்கார்ற மனுஷன், அவருக்கு என்ன அவசரம்?"

அவளுக்கும் அதேதான் புரியவில்லை. நிமிஷத்துக்கு இரண்டு டிகிரி என்றால் இரண்டு டிகிரிதான் அவருக்கு. வீட்டில் பால் காய்ச்சினால் கூட அடுப்பை விட்டு நகர மாட்டார். கோபம் வந்தது, பயம் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. முதலில் படத்தைப் பார்ப்போம் என்று துண்டைக் கழுவித் துடைத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள்.

மைக்ராஸ்கோப்பில் நார்களின் முனைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், ஆயிரக்கணக்கில், கடுகைக் கொட்டி வைத்தது மாதிரி நெருக்கமாக. இடையே சாம்பல் நிறத்தில் ரெசின். குமிழி இருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பு. நூற்றுக்கு ஒரு பங்கு கறுப்பு இருந்தால் விட்டுவிடலாம். இங்கே நாலரை.

ஆனால் அவளுக்கு எண்ணிக்கையைவிட உருவம் முக்கியம். அடுக்கும்போது காற்று மாட்டிக்கொண்டால் குமிழி இரண்டு அடுக்குக்கு நடுவே தட்டையாக, நீளமாக, நசுங்கிக் கிடக்கும். அழுத்தம் பிந்தினால் ரெசின் வெளியேறாமல் அங்கங்கே குளம்போலத் தேங்கும், தகடும் கனத்துவிடும். இங்கே தகடு சரியான கனம். நார்கள் நெருக்கமாக இருந்தன. குமிழிகள் உருண்டையாக, வட்டமாக இருந்தன. உருண்டை என்றால் காற்று இல்லை. ரெசினுக்கு உள்ளேயிருந்தே கிளம்பிய நீராவி.

துண்டை மெல்ல நகர்த்தி மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காக எண்ணினாள். முதல் அடுக்கு சுத்தம், பத்தாவது சுத்தம், இருபதாவது சுத்தம். முப்பதாவது வரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கடைசி ஆறு அடுக்கில், அச்சில் முதன்முதலாகப் படுத்த அந்த அடி ஆறு அடுக்கில், அம்மை போட்டது மாதிரி குமிழி.

இன்னொரு பாதத்தை அலமாரியிலிருந்து எடுத்து அறுத்தாள். அதிலும் அடி ஆறு அடுக்கு. மூன்றாவதிலும் அதேதான். மணி ஒன்றரை ஆகிவிட்டது, சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

சூட்டை வேகமாக ஏற்றினால் கோளாறு முப்பத்தாறு அடுக்கிலும் வர வேண்டும். அடுப்புக்கு எந்த அடுக்கு எதென்று எண்ணத் தெரியாது. அவர் எழுதிக் கொடுத்தது பொய் என்று படம் பச்சையாகச் சொன்னது. அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. என் ஆள் தப்புப் பண்ணவில்லை என்று மனசு ஒருமுறை துள்ளிக் குதித்தது. அப்புறம்தான் அந்த மனுஷன் ஏன் பொய் எழுத வேண்டும் என்று யோசித்தாள்.

கத்திரிக்காரியைத் தேடிப் போனாள். அவள் மேஜையில் அட்டை அச்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ துணி வெட்டும்போது எந்த அடுக்கை முதல்ல வெட்டுவ?"

"இது என்னக்கா கேள்வி? அச்சுல அடியில படுக்கற ஒண்ணாம் அடுக்கை நாப்பது பாதத்துக்கும் சேத்து வெட்டுவேன். அப்புறம் ரெண்டாம் அடுக்கு, நாப்பதுக்கும். ஒவ்வொரு பாதமா வெட்டினா ட்ரே மாறிப் போயிடும்ல."

"அப்ப அடி ஆறு அடுக்கு?"

"ரோலோட வெளிச்சுத்துல வரும். மேலாப்புல இருக்கறது." அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அன்னிக்கு வெளிச்சுத்து கொஞ்சம் ஒருமாதிரிதான் இருந்துச்சு. கையில ஒட்டல, வழவழன்னு இருந்துச்சு. பையில ஓரமா டேப் ஒட்டியிருந்துச்சா, சரி, நீங்கதான் டெஸ்டுக்குத் துண்டு எடுத்து ஒட்டியிருப்பீங்க, நீங்க பாத்து விட்டதுல நான் என்ன சொல்றதுன்னு வெட்டிட்டேன்."

அந்த டேப்பை ஒட்டியது குமிழியக்காதான்.

போன திங்கட்கிழமை நல்ல மழை பெய்தது. ஸ்டோர்காரர் காலை ஆறு மணிக்கு ரோலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்திருந்தார். பையோடு அப்படியே ஐந்து மணி நேரம் கிடக்க வேண்டும். பைக்கு வெளியே வியர்த்த தண்ணீர் தானாகக் காய்ந்த பிறகுதான் பையைப் பிரிக்கலாம். ஜில்லென்றிருக்கிற துணியில் மழைநாள் காற்று பட்டால், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய சொம்பின் மேல் படிவது மாதிரி ஈரம் படியும். ரெசின் அதைக் குடித்துவிடும். குடித்ததை அடுப்பில் நீராவியாகக் கக்கும். இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டியவளே அவள்தான்.

அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மகள் மார்க் சீட்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். "உங்க வீட்டுக்காரர் கையெழுத்தைவிட அழகா இருந்துச்சு. அதுலதான் மாட்டிக்கிட்டா" என்றார் டீச்சர் போனில். ரெண்டு மணிக்குக் கத்திரிக்காரி வெட்ட ஆரம்பிக்க வேண்டும், அதற்குள் அவள் ரோலிலிருந்து உள்ளங்கை அளவு துணி எடுத்து ரெசின் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கே பையின் ஓரத்தைக் கீறினாள். ஒரு நிமிஷ வேலை என்றுதான் கீறினாள். துணி விறைத்துக் கிடந்ததால் கத்தரிக்கோல் ஏறவில்லை. பெரிய கத்தரிக்கோலைத் தேடிப் போன இடத்தில் ஸ்டோர்காரர் பிடித்துக்கொண்டு ஏதோ ரிஜிஸ்டரைக் காட்டினார். இருபது நிமிஷம். திரும்பி வந்தபோது துணிமேல் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல். கைக்குட்டையால் ஒத்தி எடுத்தாள், துண்டை வெட்டினாள், டேப்பை ஒட்டினாள், ஓடினாள். பள்ளிக்கூடத்தில் பொய்க் கையெழுத்து எவ்வளவு பெரிய குற்றம் என்று மகளுக்கு முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்தாள்.

கத்திரிக்காரியின் மேஜையிலிருந்து அவள் கால்கள் தாமாக ஸ்டோருக்குப் போயின. ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். மீதி ரோல் அதே பையில், அதே டேப்போடு இருந்தது. டேப்பின் ஒரு முனை பிரிந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக உள்ளே வெள்ளை வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தது. இப்போதைய வெளிச்சுத்தும் ஈரம்தான். நாளைக்கு அடி ஆறு அடுக்கு இதிலிருந்துதான் வரும். ஒன்பதாவது வரியின் இடது பாதத்துக்கும்.

அடுப்பைக் குறை சொல்லி அறிக்கை போனால், அடுப்பை மெதுவாக்கிவிட்டு இந்த ரோலை அப்படியே அச்சில் வைப்பார்கள்.

கணவரை ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகையில் பிடித்தாள். டீ இடைவேளைக்கு அவர் அங்கேதான் வண்டிமேல் உட்கார்ந்திருப்பார். தொழிற்சாலைக்குள் இருவரும் ஊர் பேர் தெரியாதவர்கள் மாதிரிதான் பேசிக்கொள்வது வழக்கம். அன்றைக்கு அவள் நேரே போய் எதிரே நின்றாள்.

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"எதை?"

"மழுப்பாதீங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை வண்டிச் சாவி குடுக்க வந்தேன். நீ துணியைத் துடைச்சிக்கிட்டிருந்த. அவசரத்துல இருக்கா, சாயங்காலம் சொல்லிக்கலாம்னு போயிட்டேன். சாயங்காலம் பாப்பாவோட பஞ்சாயத்து. மறந்தே போயிட்டேன். காலைல கால் உடைஞ்சிடுச்சுன்னாங்க, அப்பதான் பக்குன்னுச்சு."

"அதுக்குப் பொய் எழுதிக் குடுப்பீங்களா?"

"பின்ன? டெஸ்ட் பண்றவளே பையைக் கீறினான்னா ஒன் கையெழுத்தைப் புடுங்கிருவாங்க. ரொட்டியைப் பிச்சாக் கூட உள்ள எத்தனை ஓட்டைன்னு எண்ணுறவ நீ. அந்த வேலை இல்லாம ஒன்னால இருக்க முடியுமா? எனக்கென்ன, ஆறு மாசம் கிரைண்டிங்ல போடுவாங்க, அப்புறம் ஆள் கிடைக்காம திரும்பக் கூப்பிடுவாங்க."

"அந்த ரோலை நாளைக்கு அடுக்கப் போறாங்க. உள்ள பனி புடிச்சிருக்கு. நான் இப்பதான் பாத்துட்டு வரேன்."

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் மாறியது. "சரி, ரோலைத் தூக்கிப் போடச் சொல்லு. பை கிழிஞ்சிருக்குன்னு சொல்லு, யாரு கிழிச்சாங்கன்னு எதுக்கு சொல்லணும்? கெட்ட துணி போயிரும். நான் எழுதினது எழுதினதா இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டம். யாருக்கும் அடிபடாது, அவள் நாற்காலி அவளிடம் இருக்கும், அவரும் ஆறு மாசத்தில் திரும்பிவிடுவார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உடனே தோன்றிவிடவில்லை. தலையாட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஒரு நிமிஷம் ஆட்டியும் இருப்பாள்.

"படத்துக்குக் கீழ காரணம்னு ஒரு கட்டம் இருக்கு" என்றாள். "அதுல நான் என்ன எழுதறது?"

"சூடு வேகம்னு எழுது."

"அடி ஆறு அடுக்குல மட்டும்தான் குமிழி இருக்கு."

"மேடத்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

"அப்ப என்னைவிட ஒனக்கு அந்தக் குமிழிதான் பெருசு."

"நீங்க பண்ணாத தப்பை நான் என் கையால எழுதணுமா? பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள் நீங்க அரை டிகிரி கூட மாத்தினதில்ல. அது யாருக்குத் தெரியுதோ இல்லையோ, தினம் வெட்டிப் பாக்கற எனக்குத் தெரியும்." அவர்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதை அவளே எதிர்பார்க்கவில்லை. "நான் போய் சொல்லிடறேன்."

"வேணாம். கேளு. வேணாம்னு சொல்றேன்."

அவள் கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு மேனேஜரம்மாவின் மேஜையில் மூன்று படங்களையும் வரிசையாக வைத்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமை, மழை, கீறல், இருபது நிமிஷம், கைக்குட்டை. எதையும் விடவில்லை, எதற்கும் சாக்குச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தைக் கூடச் சொல்லவில்லை. மேனேஜரம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். எழுந்து ஸ்டோருக்குப் போய் ஃப்ரீசரைத் தானே திறந்து பார்த்தாள். ரோலையும் அலமாரியில் மிச்சமிருந்த பாதங்களையும் சிவப்பு அட்டை மாட்டி ஒதுக்கச் சொன்னாள். நாளைய வேலை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது.

"மூணு மாசத்துக்கு உங்க கையெழுத்து தனியா செல்லாது. கூட இன்னொருத்தர் பாத்துப் போடணும்" என்றாள் அவளிடம். "வந்து சொன்னதுனால மூணு மாசம்."

அவளுக்குப் பெரிய மூச்சாக வந்தது. அவ்வளவுதானா என்று கூட நினைத்தாள்.

அப்புறம் அடுப்புக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். மேஜைமேல் இரண்டு பக்கங்கள் கிடந்தன. ஒன்று நோட்டிலிருந்து அவர் கிழித்துக் கொடுத்தது. இன்னொன்று காலையில் எழுதியது.

"இதுல எது நெஜம்?"

"நோட்டுல இருந்ததுதான் மேடம்."

"நீங்க சூட்டை வேகமா ஏத்தியிருந்தா அது மனுஷத் தப்பு. ஆறு மாசத்துல மறந்திருப்பேன்." மேனேஜரம்மா இரண்டு பக்கங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். "பொட்டி ரிப்பேர்ல இருந்தப்ப உங்க நோட்டை நம்பித்தான் அடுப்பை ஓட்டினோம். நீங்க நெஜத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதித் தரக்கூடிய ஆளுன்னு இப்ப எனக்குத் தெரியும். இனிமே நீங்க எழுதறதை நான் எப்படி நம்பறது? யாருக்காக எழுதினீங்கன்னு புரியுது. அதனாலதான் வீட்டுக்கு அனுப்பல. ஆனா அடுப்புக்கு நீங்க இனிமே வேணாம்."

"எத்தனை மாசம் மேடம்?" என்று குமிழியக்கா கேட்டாள். அவர் கேட்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

"மாசக் கணக்கு இல்லம்மா."

தப்புச் செய்தவளுக்கு மூன்று மாதம். அவளைக் காப்பாற்றப் போனவருக்கு ஆயுசுக்கும். நியாயம் அப்படித்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அதில் ஒரு ஓட்டைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அழுகையாக வந்தது.

அவள் வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வந்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் வேணாம்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவரைக் கிரைண்டிங்கில் போட்டார்கள். சுட்ட பாதத்தின் ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்குகிற வேலை. முகமூடி, கையுறை, நாள் முழுக்க ஓயாத இரைச்சல். சாயங்காலம் வந்து தொட்டியில் கை கழுவினால் தண்ணீர் மையாக ஓடும். வீட்டில் பேச்சு வேண்டியதற்கு மேல் இல்லை. கதவைச் சாத்து, விளக்கை அணை, பாப்பா படிச்சாளா, அவ்வளவே. மகளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. அப்பா கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவானாலும் இப்போதெல்லாம் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

புது ரோல் வந்தது. வேறு பிரிவிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து அடுப்பில் நிறுத்தினார்கள். வியாழக்கிழமை குமிழியக்கா அந்தத் தொகுப்பின் துண்டைத் தேய்த்துப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை முப்பத்தாறு அடுக்கும் எண்ணினாள். இன்னொருத்தரும் எண்ணி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் தொட்டியருகே நின்று நகக் கண்ணில் இருந்த கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கை துடைக்கிற துண்டோடு பின்னால் நின்றாள்.

"புது பேட்ச் வெட்டிட்டியா?" என்றார், திரும்பாமல்.

"வெட்டிட்டேன்."

"எப்படி இருக்கு?"

அவளுக்குப் பொய் சொல்ல வேண்டும்போல இருந்தது. சுமார்தான், உங்க கை மாதிரி வருமா, ஒன்றே கால் சதவீதம் குமிழி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வரும். ஒரு மனுஷன் பேனாவை எடுத்து நல்ல பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பொய்ப் பக்கம் எழுதுவது எப்படி என்று இத்தனை நாள் அவளுக்குப் புரிந்ததில்லை. இப்போது நன்றாகப் புரிந்தது.

"அரை கூட இல்லைங்க" என்றாள். "சுத்தமா இருக்கு."

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அருகில் போகவும் துணிவு வரவில்லை, விலகவும் மனசு வரவில்லை.

"நல்லா சுட்டிருக்கான்" என்றார் கடைசியில். துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார், கையைத் துடைத்தார், மறுபடியும் முகத்தைத் துடைத்தார். "அவன்கிட்ட ஒண்ணு சொல்லு. கதவு ரப்பர் இடது பக்கம் கீழ லேசாக் கசியும். மழைக்காலத்துல இன்னும் அதிகம். பூட்டறதுக்கு முன்னாடி அந்த இடத்துல கை வச்சு பத்து எண்ணற வரைக்கும் அழுத்திக்கிட்டிருக்கணும். அது எந்த நோட்டுலயும் இல்ல."

"சரிங்க."

"நான் சொன்னேன்னு சொல்லாத."